மானிட்டரை மாற்றி வைக்க மாட்டேன், சம்பந்தி

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு, தங்கள் மகனின் மாமனார் பணிவோடும், அந்தப் பணிவு எதுவரை என்ற தெளிவோடும் எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் நால்வரும் சௌக்கியம். தாங்கள் நல்ல தெம்போடு இருக்கிறீர்கள் என்பது, தங்கள் கடிதத்தில் பேனா அழுத்தி அழுத்திக் காகிதம் பொத்தலாகியிருந்த இடங்களைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மகிழ்ச்சி. சம்பந்தி அம்மாளின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறோம். போனில் பேசினால் இரண்டு வீட்டிலும் பெண்கள் ஸ்பீக்கரைப் போட்டுக் கேட்கிறார்கள், ஆகவே எழுத்திலேயே வைத்துக்கொள்வோம் என்று தாங்கள் எழுதியிருந்தது நூற்றுக்கு நூறு சரி. நானும் வீட்டில் உட்கார்ந்து எழுதவில்லை. என் கண்ணாடிக் கடையில், பவர் பார்க்கிற நாற்காலியில் உட்கார்ந்து, ஆள் வராத நேரம் பார்த்து எழுதுகிறேன். நடுவில் யாராவது வந்தால் எழுந்துபோய்க் கவனித்துவிட்டு வருவேன். எழுத்து சில இடங்களில் சாந்தமாகவும் சில இடங்களில் சூடாகவும் இருந்தால் அதுதான் காரணம்.

தங்கள் கடிதத்தின் சுருக்கத்தை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். எங்கள் மாடியறையில் என் பெண் பெரிய மானிட்டருக்கு முன்னாலும், தங்கள் மகன் சின்ன மானிட்டருக்கு முன்னாலும் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். இது மாப்பிள்ளைக்கு மரியாதை இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை தங்கள் அண்ணன் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வருகிறார். அதற்குள் இரண்டையும் இடம் மாற்றி வைக்க வேண்டும். இல்லையென்றால் மகனைத் தங்கள் வீட்டுக்கே அழைத்துக்கொண்டு போய்விடுவீர்கள். இதற்கு என் பதில்: மாற்றி வைக்க மாட்டேன். இந்த ஒரு வரியோடு கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கலாம். ஆனால் தாங்கள் என்னை அவமரியாதை எது என்று தெரியாதவன் என்று எழுதிவிட்டீர்கள். எனக்கு நன்றாகவே தெரியும். அதைக் காட்டாமல் இருக்க நான் பட்ட பாடு தங்களுக்குத் தெரிய வேண்டும், ஆகவே முழுக் கதையையும் எழுதுகிறேன்.

கல்யாணமான கையோடு தாங்கள் தங்கள் மகனுக்கு ஓர் இருபத்துநான்கு இஞ்ச் மானிட்டர் வாங்கிக் கொடுத்தீர்கள். அருமையான பொருள், குறை சொல்ல மாட்டேன். சொந்த வீடு கட்டி முடியும்வரை இருவரும் எங்கள் மாடியில் இருப்பது என்று நாம் சேர்ந்து பேசி முடிவு செய்ததும் நினைவிருக்கும். இருவருக்கும் வீட்டிலிருந்தே வேலை. மாப்பிள்ளைக்குக் குளிர்சாதனப் பெட்டி செய்கிற கம்பெனியில் உத்தியோகம். பெட்டி குளிரவில்லை, கதவு மூடவில்லை, உள்ளே விளக்கு எரியவில்லை என்று வருகிற புகார்க் கடிதங்களுக்கெல்லாம் 'தங்கள் சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம்' என்று பதில் எழுதுகிறார். என் பெண்ணுக்குக் கட்டடங்களுக்குள் தண்ணீர்க் குழாய் எங்கே ஏற வேண்டும், கழிவுக் குழாய் எங்கே இறங்க வேண்டும் என்று படம் வரைகிற வேலை. மானிட்டரோ ஒன்றுதான். இன்னொன்று வாங்கியாக வேண்டும். இங்கேதான் எனக்குத் தலையிடி ஆரம்பித்தது. மாப்பிள்ளையுடையதைவிடப் பெரிதாக ஒன்றைப் பெண்ணுக்கு வாங்கினால் தாங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். சின்னதாக வாங்கினால் என் பெண் திருப்பிக்கொள்வாள். அதே அளவில் வாங்கினால், மாமனார் என்று ஒருவன் இருந்து என்ன செய்தான் என்று ஊர் கேட்கும். ஆகவே, மாப்பிள்ளைக்குப் புதிதாகப் பெரியது, தாங்கள் கொடுத்தது என் பெண்ணுக்கு என்று முடிவு கட்டினேன். என் பெண் அப்போதே சொன்னாள்.

"எனக்குத்தாம்பா பெருசு வேணும். என் படம் அகலம். அவருக்கு லெட்டர் அடிக்கிற வேலைதானே, அதுக்கு எதுக்கு அவ்வளவு இடம்?"

"சும்மா இரு. மாப்பிள்ளைக்குச் சின்னதக் குடுத்துட்டு உனக்குப் பெருச வாங்கினா நல்லாவா இருக்கும்? நாலு பேரு என்ன சொல்வாங்க?"

பார்த்தீர்களா, தங்கள் கடிதத்தில் இருக்கிற அத்தனை வார்த்தையையும் நான் அன்றைக்கே என் வாயால் சொல்லி முடித்துவிட்டேன். தாங்கள் எனக்குப் புதிதாக ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை.

மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு மானிட்டர் கடைக்குப் போனேன். சுவர் முழுக்கப் பெரிதும் சிறிதுமாக மானிட்டர்கள், எல்லாவற்றிலும் ஒரே பச்சைக்கிளி தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. நான் காலமெல்லாம் ஜனங்களுக்கு லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டு 'முன்னாடி தெளிவா இருந்துச்சா, இப்ப தெளிவா இருக்கா' என்று கேட்டே பிழைப்பு நடத்துகிறவன். பார்க்கிற பொருளைத் தேர்ந்தெடுக்க அதைவிட நல்ல வழி உலகத்தில் கிடையாது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு மாப்பிள்ளையை உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு கிளியாகக் காட்டிக் கேட்டேன். கடைக்காரர் பக்கத்தில் வந்து நின்று, "சார், எல்லாமே ஒரே தெளிவுதான் சார், சைஸ்தான் வேற" என்றார். உங்கள் வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். பத்தொன்பது இஞ்சைக் காட்டினேன், "நல்லா இருக்கு மாமா" என்றார். இருபத்திரண்டைக் காட்டினேன், "நல்லா இருக்கு மாமா." இருபத்தேழு, "நல்லா இருக்கு மாமா." மறு கண்ணை மூடச் சொல்லி மறுபடியும் முதலிலிருந்து வந்தேன். அதற்கும் அதே பதில். கடைசியில், இரண்டு பக்கமும் நம்மை அணைக்க வருகிற மாதிரி வளைந்து நின்ற முப்பத்துநான்கு இஞ்சைக் காட்டியபோது "ரொம்ப நல்லா இருக்கு மாமா" என்றார். அந்த 'ரொம்ப' எனக்குப் போதுமானதாக இருந்தது. பசி நேரம் தாண்டிப்போய் அவருக்கு வீட்டுக்குப் போனால் போதும் என்று இருந்ததாகப் பிற்பாடு என் மனைவி சொல்லித்தான் தெரியும். வாங்கிவிட்டேன்.

கடைக்காரர் அதை வீட்டுக்கு அனுப்பி வைப்பதற்குள் தச்சரை வைத்து, மாடியறையில் சுவருக்கும் பீரோவுக்கும் நடுவே முப்பத்துநான்கு இஞ்ச் அகலத்துக்கு அளவெடுத்து ஒரு மேசை செய்து வைத்திருந்தேன். மானிட்டர் வந்ததும் வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் இடம் பாக்கி. டேப்பைப் போட்டு அளந்தேன். அகலம் முப்பத்திரண்டுகூட முழுசாக வரவில்லை. டேப்பும் கையுமாகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் மானிட்டரை மேல் மூலையிலிருந்து எதிர்க் கீழ் மூலைக்குக் குறுக்காக அளக்க வேண்டும் என்றார். என் கடையில் மூக்குக் கண்ணாடியை நேராக அளக்கிறேன், ஜவுளிக் கடையில் துணியை நேராக அளக்கிறார்கள், உங்கள் கடைக்கு மட்டும் என்ன தனிச் சட்டம் என்று கேட்டேன். உலகம் முழுக்க இப்படித்தான் சார் என்றார். உலகம் முழுக்க ஏமாற்றினால் அது ஏமாற்று இல்லையா என்று கேட்டேன். பக்கத்திலிருந்த வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள். நியாயம் என் பக்கம்தான் இருந்தது. ஆனாலும் மானிட்டர் வளரவில்லை.

அகலத்தில் மிஞ்சியது ஆழத்தில் போதவில்லை. அதன் ஸ்டாண்டு கொக்குக் கால் மாதிரி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு மேசை முழுவதையும் பிடித்துக்கொண்டது. கீபோர்டை மாப்பிள்ளை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. "பரவால்ல மாமா, இதுவும் வசதியாத்தான் இருக்கு" என்றார். அவர் சொல்லலாம், நான் விடுவேனா? சுவரில் மாட்டிவிடுவது என்று எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். அவர் சுவரில் பென்சிலால் நான்கு புள்ளி வைத்ததும் என் பெண் தன் நாற்காலியிலிருந்து திரும்பாமலேயே, "அப்பா, அந்த எடத்துல வேண்டாம். பாத்ரூம் பைப் அந்தச் சுவத்துக்குள்ளதான் மேல ஏறுது. ஒரு சாண் தள்ளிப் போடச் சொல்லுங்க" என்றாள். நீ கம்ப்யூட்டரில் வரைகிற குழாய் வேறு, இது நான் கட்டிய வீடு என்று சொன்னேன். எலக்ட்ரீஷியன் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சம்பளம் யார் கொடுப்பார் என்று பார்த்தார், துளை போட்டார். மூன்றாவது துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரை நனைத்தது. எல்லாரும் துணி தேடி ஓடினோம். தங்கள் மகன் ஓடவில்லை. கட்டை விரலைத் துளையில் வைத்து அழுத்திக்கொண்டு, முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்ட, பிளம்பர் வந்து சேரும்வரை அப்படியே நின்றார். கை வலிக்கிறதா மாப்பிள்ளை என்று கேட்கும்போதெல்லாம், "அதெல்லாம் இல்ல மாமா, நல்லாத்தான் இருக்கு" என்றார். வந்த பிளம்பர் துளையைப் பார்த்துவிட்டு "யாருங்க இந்த எடத்துல போடச் சொன்னது?" என்று கேட்டார். என் பெண், நான் அப்பவே சொன்னேன் என்று சொல்லிக்காட்டாமல், ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம்தான் மேசை விளிம்பில் திருகி வைக்கிற இரும்புக் கை ஒன்று உண்டு என்று தெரியவந்தது. அதை வாங்கி, கனமான மானிட்டர் தாங்க வேண்டுமே என்று அதன் ஸ்பிரிங்கை என் பலத்தையெல்லாம் கூட்டி முறுக்கிவிட்டு, ஒத்திகை பார்ப்பதற்காகத் தாங்கள் கொடுத்த இலேசான இருபத்துநான்கு இஞ்சை மாட்டினேன். கையை எடுத்ததும் அது விருட்டென்று மேலே எழும்பி, குனிந்து ஒயரைச் செருகிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் தாடையில் ஒரு போடு போட்டது. அந்த வாரம் நாங்கள் தங்கள் வீட்டுக்கு வந்தபோது தாடையில் என்ன காயம் என்று அவரைக் கேட்டீர்களே, ஷேவ் செய்யும்போது பட்டது என்று சொன்னாரே, அது இதுதான். என்னைக் காட்டிக்கொடுக்காத அந்தப் பெருந்தன்மைக்காக அவரை மனதுக்குள் கும்பிட்டேன். மானிட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை, கவலைப்பட வேண்டாம்.

இப்படிப் பெரியது மாப்பிள்ளைக்கும் சின்னது பெண்ணுக்குமாக, தாங்கள் ஆசைப்படுகிற அதே ஏற்பாட்டில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அது எப்படி நடந்தது என்று கேளுங்கள். மாப்பிள்ளை அந்த முப்பத்துநான்கு இஞ்சுக்கு நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஒரு கடிதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, மற்ற இடத்தையெல்லாம் தரிசாகப் போட்டிருந்தார். சாயங்காலமானால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். என் மனைவி தைலம் தேய்த்துவிடுவாள். அந்தப் பக்கம் என் பெண் இருபத்துநான்கு இஞ்சில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தையே அடைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் முழுசாகத் தெரிய வேண்டுமென்றால் எழுத்து எறும்பாகிவிடும். எழுத்துத் தெரிய வேண்டுமென்றால் கட்டடத்தின் ஒரு மூலைதான் தெரியும். இடது பாதியை வரைந்துவிட்டு வலது பாதிக்கு நகர்வாள், வலது பாதிக்கு வந்ததும் இடது பாதி கண்ணை விட்டுப் போய்விடும். கடைசியில் மூன்றாவது மாடிக் கழிவறைக் குழாய் ஒன்று, இரண்டாவது மாடியில் தலைமை மருத்துவர் உட்காருகிற நாற்காலிக்கு நேர் மேலே வந்து இறங்கியது. அவளுடைய மேலதிகாரி போனில் சத்தம் போட்டது சமையலறை வரைக்கும் கேட்டது. "அது டாக்டர் தலையிலதான் எறங்கணுமா? இன்னொரு தடவ இப்படி வந்துச்சுன்னா இந்த பில்டிங்கயே வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்" என்றார்.

சம்பந்தி, அது அவள் கையில் தனியாக ஒப்படைத்த முதல் கட்டடம். இதுவரை அடுத்தவர் படத்தில் இங்கே ஒரு குழாய், அங்கே ஒரு வால்வு என்று வரைந்துகொண்டிருந்தவள். இந்த மாதக் கடைசிக்குள் பிழையில்லாமல் கொடுத்தால் அவள் பெயரில் போகும். கொடுக்காவிட்டால் இன்னும் எத்தனை வருஷம் அடுத்தவர் படத்துக்கு வால்வு வைக்க வேண்டுமோ தெரியாது. அன்றைக்கு அவள் அழவில்லை. சாப்பிடாமல் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, மானிட்டரை நகம் கடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பன் என்று நான் எதற்கு இருக்கிறேன் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குக் கடையிலிருந்து வந்து மாடியேறிப் பார்க்கிறேன், இருவரும் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் முன்னால் முழு ஆஸ்பத்திரியும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விரிந்து கிடக்கிறது. நீலத்தில் தண்ணீர், சிவப்பில் வெந்நீர், பழுப்பில் கழிவு. மாப்பிள்ளை தாங்கள் கொடுத்த இருபத்துநான்கு இஞ்சுக்கு முன்னால், கிட்டத்தட்ட மூக்கு முட்டுகிற மாதிரி குனிந்து, கடமையே கண்ணாகக் கடிதம் அடித்துக்கொண்டிருக்கிறார். நான் பதறிப்போய்விட்டேன்.

"என்ன மாப்பிள்ளை இது? யாரு மாத்துனது?"

"நான்தான் மாமா. அவளுக்குத்தான் பெருசு வேணும். எனக்கு இதுவே நல்லா இருக்கு மாமா."

நன்றாக இருக்கிறதா என்று மறுபடியும் கேட்டேன், நன்றாக இருக்கிறது என்றார். தலை வலிக்கவில்லையே என்றேன், இல்லவே இல்லை என்றார். இதற்கு மேல் ஒரு மனிதனிடம் என்ன சாட்சி கேட்பது? கண் விஷயத்தில் எத்தனையோ ஆயிரம் பேரின் வாய்ச்சொல்லைக் கேட்டு லென்ஸ் போட்டவன் நான். ஒருவர் மனசாரச் சொல்கிறாரா, ஒப்புக்குச் சொல்கிறாரா என்பதை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். தங்கள் மகன் மனசாரச் சொன்னார். சின்ன மானிட்டர்தான் அவருக்குப் பிடித்திருக்கிறது, அதுதான் அவர் கண்ணுக்குப் பொருத்தம். இது என் தொழில் தீர்ப்பு. இதில் தங்களுக்கு அப்பீல் கிடையாது.

இந்த நிலையில்தான் தாங்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்தீர்கள். மாடியேறினீர்கள், வாசற்படியில் நின்றீர்கள், ஒரு பார்வை பார்த்தீர்கள், ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு இறங்கிப் போனீர்கள். மூன்றாம் நாள் கடிதம் வந்தது. தாங்கள் நிர்வாக அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தங்கள் ஆபீசில் மேசையின் அளவை வைத்தே ஆளின் பதவியைச் சொல்லிவிடலாம், கண்ணாடி போட்ட மேசை என்றால் அதிகாரி, மரப்பலகை என்றால் குமாஸ்தா என்று தாங்களே பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள். அந்தக் கணக்கை என் மாடியறைக்குக் கொண்டுவராதீர்கள். இங்கே யாரும் யாருக்கும் அதிகாரி இல்லை. படம் வரைகிறவளுக்கு அகலம் வேண்டும், கடிதம் எழுதுகிறவருக்கு வேண்டாம், அவ்வளவுதான். சமையலறையில் பெரிய பாத்திரம் யாருக்கு மரியாதை, சின்னப் பாத்திரம் யாருக்கு அவமரியாதை என்று யாராவது பார்க்கிறார்களா? இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தங்கள் மகன் இப்போது உட்கார்ந்திருப்பது தாங்கள் கொடுத்த மானிட்டருக்கு முன்னால்தானே? அது சின்னது, கௌரவக் குறைவு என்று தாங்களே சொன்னால், அதைக் கொடுத்தவர் யார் என்று தங்கள் அண்ணன் கேட்க மாட்டாரா?

மகனை அழைத்துக்கொண்டு போய்விடுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சின்னக் குழந்தை இல்லை, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக. அப்படியே தாங்கள் கூப்பிட்டு அவர் வருகிறேன் என்றாலும், என் பெண்ணின் கட்டடம் முடிகிறவரை அந்த முப்பத்துநான்கு இஞ்ச் அந்த மேசையை விட்டு ஓர் இஞ்ச் நகராது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளைக்கு மட்டும், அண்ணன் வந்து போகும்வரை மாற்றி வையுங்கள், அப்புறம் உங்கள் இஷ்டம் என்று ஒரு வரி கடைசியில் சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரிதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கோபத்தைக் கிளப்பியது. ஒரு நாள் மாற்றி வைத்தால், என் பெண் செய்கிற வேலை ஆள் வந்தால் ஒளித்து வைக்க வேண்டிய வேலை என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி. ஒருதரம் நான் அவள் பேச்சைக் கேட்காமல் சுவரில் துளை போட்டேன், வீடு நனைந்தது. இன்னொருதரம் கேட்காமல் மானிட்டர் வாங்கினேன், அவள் கட்டடமே போகப் பார்த்தது. மூன்றாவது தடவை தங்களுக்காக அதைச் செய்ய மாட்டேன். அண்ணன் வரட்டும். மாடியேறிப் பார்க்கட்டும். பெரிய மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது யார் என்று கேட்டால், இந்த வீட்டுப் பெண், ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் கொண்டுபோகிறாள் என்று நானே சொல்லிக்கொள்கிறேன். மேலும், இன்னொரு பெரிய மானிட்டர் வாங்கிச் சமாதானமாகப் போய்விடலாம் என்று என் மனைவி யோசனை சொன்னாள். இனி ஒரு மானிட்டர் இந்த வீட்டு வாசல் ஏறாது என்று அவளிடமும் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளைக்குத் தேவையில்லாததை ஊருக்காக வாங்குகிற பேச்சே கிடையாது.

என் வார்த்தைகளில் சூடு தெரிந்தால் பெரிய மனது வைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள். வார்த்தைகளை மாற்றிக்கொள்ளச் சொல்லாதீர்கள். தங்கள் குடும்பம் நீடூழி வாழட்டும். சம்பந்தி அம்மாளுக்கு எங்கள் இருவரின் வணக்கம். அண்ணன் அவர்களுக்கு என் அன்பான விசாரிப்பு. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அவசியம் வந்துவிடச் சொல்லுங்கள். மாடிப்படி கொஞ்சம் செங்குத்து, பார்த்து ஏற வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மரியாதைக்குக் குறைவு வைக்காத, மானிட்டரை நகர்த்தாத,
சம்பந்தி

பின்குறிப்பு: மேலே உள்ளதை முடித்து மடித்து வைத்த நேரத்தில் மாப்பிள்ளை எனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். தங்களைப் பற்றி எழுதியிருக்கிறேனே, அவர் பார்க்காமல் அனுப்புவது முறையில்லை என்று, படித்துப் பாருங்கள் மாப்பிள்ளை என்று நீட்டினேன். அவர் காகிதத்தை முதலில் தூரத்தில் பிடித்தார், அப்புறம் கிட்டத்தில் பிடித்தார், தலையைச் சாய்த்தார், கண்ணை இடுக்கினார். பிறகு "ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க மாமா" என்று மடித்துக் கொடுத்துவிட்டார். அதில் அவர் அப்பாவை நான் கேட்டிருக்கிற கேள்விக்கெல்லாம் ஒரு மகன் முகத்தில் கொஞ்சமாவது மாற்றம் வர வேண்டாமா? பவர் பார்க்கிற நாற்காலியில் அவரை உட்கார வைத்தேன். எட்டு மாதமாக என் வீட்டில் இருக்கிற மனிதர், இன்றைக்குத்தான் முதல்முறையாக அந்த நாற்காலியில் உட்காருகிறார். கண்ணில் வெறும் ஃபிரேமை மாட்டிவிட்டு, லென்ஸ் எடுக்கத் திரும்பினேன். நான் இன்னும் எதையும் போடவே இல்லை, சம்பந்தி. "இப்ப ரொம்பத் தெளிவா இருக்கு மாமா" என்றார்.

இரண்டு கண்ணிலும் சிலிண்டர் பவர். நேர்கோடு அவருக்கு இரண்டு கோடாகத் தெரிகிறது. முப்பத்துநான்கும் சரி, இருபத்துநான்கும் சரி, இத்தனை நாளாக அவருக்கு எதுவுமே தெரியவில்லை. நாம் இருவரும் இஞ்ச் இஞ்சாகச் சண்டை போட்டது ஒன்றையும் பார்க்க முடியாத ஒருவருக்காக. ஏன் மாப்பிள்ளை, கண்ணாடிக் கடைக்காரன் வீட்டில் இருந்துகொண்டு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கேட்டேன். "சம்பந்தம் பேச வந்தப்ப, பையனுக்குக் கண்ணு காது எல்லாம் ஒரு குறையும் கிடையாது, கண்ணாடியே போட்டதில்லைன்னு அப்பா சொல்லிட்டாருல்ல மாமா. அதுவர போட்டுக்கிட்டிருந்தத அன்னைக்குத்தான் கழட்டினேன்" என்றார்.

நான் தங்களைக் குறை சொல்லவில்லை. சொல்ல எனக்கு யோக்கியதையும் இல்லை. முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன் என்று மேலே எழுதியிருக்கிறேனே, அந்த வரியைத் தாங்கள் தயவுசெய்து அடித்துவிட்டுப் படியுங்கள். தொழில் தீர்ப்பு என்ற வரியையும். சின்ன மானிட்டர் அவருக்குப் பிடித்தது என்பதையும் அடித்துவிடுங்கள். ஏனென்றால், கண்ணாடி போட்டு அவரை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனேன். முதலில் என் பெண்ணை உற்றுப் பார்த்து, "உனக்குக் கன்னத்துல மச்சம் இருக்கா?" என்று கேட்டார். அவள் சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியவில்லை, திரும்பிக்கொண்டாள். அப்புறம் தன் மேசையில் உட்கார்ந்து தாங்கள் கொடுத்த மானிட்டரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, என்னிடம் திரும்பி, "மாமா, இது எனக்குப் பத்தாது. பெருசுதான் வேணும்" என்றார். "என்னோடதத் தர மாட்டேன்" என்றாள் என் பெண். "நீ குடுக்க வேண்டாம், எனக்குத் தனியா வேணும்" என்றார் அவர். என் மனைவி என்னைப் பார்த்தாள். நாளைக் காலை கடைக்குப் போகிறேன். இனி ஒரு மானிட்டர் வாசல் ஏறாது என்ற வரியும் போயிற்று. இந்த முறை குறுக்காகவே அளந்துகொள்கிறேன்.

ஒன்று மட்டும் மேலே எழுதியபடியே நிற்கிறது: என் பெண்ணுடையது நகராது. ஞாயிற்றுக்கிழமை தங்கள் மகன் தங்கள் அண்ணன் முன்னால் கண்ணாடியோடுதான் உட்காருவார். அன்று ஒரு நாளைக்கு மட்டும் அதைக் கழற்றி வை என்று தாங்கள் அவரிடம் சொல்லக்கூடும். சொல்லிப் பாருங்கள். 'மாட்டேன்' என்ற வார்த்தையை இன்று மத்தியானத்திலிருந்து என்னிடம் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறார், எனக்கே அது இன்னும் பழகவில்லை.